லால்பாக் தாவரவியல் தோட்டம்: வடசென்னையிலிருந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் வசிக்கும் குடும்பத்தினரும் பள்ளி ஆசிரியர்களும் பெங்களூருவின் லால்பாக் தோட்டத்தைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மரங்களைப் பார்ப்பதற்காகவே அங்கு போகிறவன். ஆகவே ஒருநாள் சுற்றுலாவுக்கு வேண்டிய விவரங்களைவிட அங்கே நிற்கும் தாவரங்களைப் பற்றிய விவரங்களே இதில் கூடுதலாக இருக்கும்.

மாதவரத்திலேயே தாவரவியல் பூங்கா இருக்கும்போது பெங்களூருவுக்கு ஏன் போக வேண்டும்?

மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் தோட்டக்கலைத் துறை அமைத்திருக்கும் பூங்காவை இதுவரை பார்க்காதவர்கள் முதலில் அங்கே போய்வர வேண்டும் என்பதே என் பதில். தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லாரிகளும் நெருக்கும் இந்தப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் கிடைத்திருப்பது பெரிய காரியம். ஆனால் அங்குள்ள மரங்கள் இளையவை. ஒரு மரத்தொகுப்பு தன் முழு உருவத்தைக் காட்டுவதற்கு நூறு ஆண்டுகளாவது வேண்டும். அடிமரம் எவ்வளவு பருக்கும், வேர் எவ்வளவு தூரம் மேலெழும், கிளை எந்த உயரத்தில் பிரியும் என்பவற்றை இளமரத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது.

லால்பாக்கை 1760ல் உருவாக்கத் தொடங்கியவர் ஹைதர் அலி. அவருக்குப் பின் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்தும் செடிகளையும் விதைகளையும் வரவழைத்து அதை வளர்த்தார். 1874ல் 45 ஏக்கராக இருந்த தோட்டம் 1894க்குள் 188 ஏக்கராக விரிந்து, இன்று 240 ஏக்கரில் இருக்கிறது. ஒரே வேலிக்குள் பல தலைமுறை மரங்கள் நிற்பதால், சென்னைத் தெருக்களில் நாம் தினமும் கடந்துபோகும் மரங்களின் முதிர்ந்த உருவத்தை அங்கே பார்க்கலாம். இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சாதாரணப் பூங்காவுக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும் என்ன வேறுபாடு?

பூங்காவில் நிழலுக்காகவும் அழகுக்காகவும் செடி வைக்கிறார்கள். தாவரவியல் தோட்டத்தில் ஒவ்வொரு தாவரமும் ஒரு தொகுப்பின் உறுப்பு. அதன் பெயர் என்ன, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் தோட்டத்தார் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேறு தோட்டங்களோடு விதைகளையும் நாற்றுகளையும் பரிமாறிக்கொண்டு, புதிதாக வந்தது இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகுமா என்று சோதிக்கவும் வேண்டும்.

அந்தச் சோதனையின் பலன் நம் அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது. பெரம்பூர் சந்தையிலும் தண்டையார்பேட்டைக் காய்கறிக் கடைகளிலும் சௌசௌ என்றும் பெங்களூர் கத்தரிக்காய் என்றும் வாங்குகிறோமே, அந்தக் கொடியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அதைப் பெங்களூரு மண்ணுக்குக் கொண்டுவந்து பழக்கியவர், 1874 முதல் 1908 வரை லால்பாக்கின் கண்காணிப்பாளராக இருந்த கேமரன். கூட்டிலும் சாம்பாரிலும் நாம் போடுகிற ஒரு காய் இத்தகைய தோட்டம் ஒன்றின் வழியாகத்தான் வந்தது என்பதைக் குழந்தைகளிடம் சொல்லி அழைத்துப் போங்கள். அதன்பிறகு அவர்கள் அந்த மரங்களைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

வடசென்னையிலிருந்து எப்படிப் போவது?

சென்ட்ரலிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். பெரும்பாலான ரயில்கள் ஐந்து முதல் ஆறு மணி நேரத்தில் சேரும். 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை–மைசூரு வந்தே பாரத் இன்னும் விரைவாகப் போகும். தோட்டத்தின் பெயரையே தாங்கிய லால்பாக் எக்ஸ்பிரஸும் இருக்கிறது, ஆனால் அது சென்னையிலிருந்து பிற்பகலில் கிளம்புவதால் அன்றே தோட்டத்தைப் பார்க்க உதவாது. என் பரிந்துரை இரவில் கிளம்பும் பெங்களூர் மெயில். விடியுமுன் இறங்கி, நிலையத்திலேயே முகம் கழுவிக் காபி குடித்துவிட்டு, தோட்டம் திறக்கும் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கலாம்.

திருவொற்றியூர், காலடிப்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கத்தவர்களுக்கு விம்கோ நகரிலிருந்து சென்ட்ரலுக்கு வரும் மெட்ரோ போதும். பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா பக்கத்தவர்கள் மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வளாகத்துக்கு வந்துவிடலாம். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பி ஆட்டோவில் கிளம்ப வேண்டாம். சில ரயில்கள் பெரம்பூரிலேயே நிற்கும் என்பதால் முன்பதிவு செய்யும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருவில் இறங்கியதும் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக்கில் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறினால் சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ் ஆகியவற்றுக்கு அடுத்த நிலையம் லால்பாக். மேற்கு வாயில் அருகிலேயே இருக்கிறது.

எந்த மாதத்தில் போகலாம்?

எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை டபேபியா வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். மார்ச், ஏப்ரலில் ஊதா நிற ஜக்கரண்டாவும் அதைத் தொடர்ந்து குல்மோஹரும் வரும். அசோகம் பூப்பது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஒரே பயணத்தில் பலவற்றைப் பூவோடு பார்க்க வேண்டும் என்றால் மார்ச் மாதத்தின் முற்பாதியைச் சொல்வேன். பள்ளித் தேர்வுகள் குறுக்கிடும், வேறு வழியில்லை.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜனவரி விடியற்காலை நமக்குக் குளிரும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள்.

குடியரசு நாள், சுதந்திர நாள் மலர்க் கண்காட்சிகளின்போது போகலாமா?

மலர் அலங்காரங்களைப் பார்க்க விரும்பினால் தாராளமாகப் போகலாம். கண்ணாடி மாளிகைக்குள் பெருங்கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டியிருக்கும். மரங்களைப் பார்க்க விரும்பினால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டிக் கொண்டுவந்து அடுக்கிய பூக்கள் சில நாட்களில் வாடிவிடும், நூறாண்டு மரங்களோ அடுத்த வாரமும் அங்கேயே நிற்கும்; நெரிசலில் அவற்றின் அடியில் ஒரு நிமிடம் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

ஒருநாளில் முழுத் தோட்டத்தையும் பார்த்துவிட முடியுமா?

நடந்து முடிக்கலாம், ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம். 240 ஏக்கரையும் கடந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லா மரமும் பச்சையாக, ஒன்றுபோலவே தெரியும். ஐந்தாறு மரங்களைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றின் அடியிலும் கால்மணி நேரமாவது இருந்து, பட்டையைத் தொட்டுப் பார்த்து, கீழே விழுந்திருக்கும் பூவையும் காயையும் எடுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரையிலான நேரமே அதற்குச் சிறந்தது.

அப்படியானால் எந்த மரங்களைத் தவறவிடக் கூடாது?

முதலில் வெள்ளை இலவ மரம். ‘இலவு காத்த கிளி’ என்று பேச்சில் சொல்லிக்கொண்டே இருக்கும் நம்மில் பலர் இலவ மரத்தை அருகில் போய்ப் பார்த்ததே இல்லை. லால்பாக்கில் மிகப் பழைய மரம் ஒன்று இருக்கிறது. அதன் அடிமரத்திலிருந்து பலகை வேர்கள் வீட்டுச் சுவர்போல எழுந்து நிற்கும். இரண்டு வேர்களுக்கு இடையே ஓர் ஆள் நின்றால் மறுபக்கம் இருப்பவருக்குத் தெரியாது. உயரமாக வளரும், ஆனால் ஆழமாக வேர் விடாத மரம் காற்றில் சாயாமல் நிற்பதற்கு இந்தப் பலகை வேர்கள் உதவுகின்றன. மரம் இலையுதிர்த்த பிறகு பூக்கும். இரவில் மலரும் அந்தப் பூக்களைத் தேடி வௌவால்கள் வரும். காய் முற்றி வெடிக்கும்போது வெளியேறும் பஞ்சுதான் நம் மெத்தைக் கடைகளில் விற்கும் இலவம்பஞ்சு. கீழே கிடக்கும் ஒரு காயை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்: வழவழப்பான அந்த இழை விரலில் ஒட்டாது, திரித்தால் நூலாகவும் வராது. அதனால்தான் அது நெசவுக்குப் போகாமல் தலையணைக்கு வந்தது. நம் காடுகளுக்கே உரிய முள்ளிலவு வேறு மரம். அது பெரிய செந்நிறப் பூக்களைத் தருவது.

இரண்டாவது அசோகம். சென்னையில் பலரும் அசோக மரம் என்று சொல்லிக் காம்பவுண்டு ஓரத்தில் வைப்பது நெட்டிலிங்கம். இரண்டுக்கும் உறவே கிடையாது. உண்மையான அசோகம் பரந்து நிழல் தரும் நடுத்தர மரம். அதன் பூக்கள் கிளைகளை ஒட்டியே கொத்தாக வரும். உதிர்ந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இதழ்கள் என்று நாம் எண்ணும் நான்கும் உண்மையில் புல்லிவட்டத்தின் பிரிவுகள். அந்தப் பூவுக்கு இதழே கிடையாது. மலர்ந்த புதிதில் மஞ்சள் கலந்த நிறத்தில் இருந்து பிறகு ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் முதிர்வதால் ஒரே கொத்தில் மூன்று நிறங்களையும் பார்க்கலாம். நீண்டு வெளியே தள்ளி நிற்கும் மகரந்தத் தாள்களைக் குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். பூவுக்குப் பூ எண்ணிக்கை மாறும்.

நாகலிங்க மரத்தை நம் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். சிவனுக்குரிய மரமாகவே நாம் கொண்டாடும் அதன் தாயகம் தென்னமெரிக்கா என்பது பலருக்கு வியப்பைத் தரும். பூக்கள் அடிமரத்திலிருந்தே நீளும் கொடிபோன்ற காம்புகளில் மலர்கின்றன. அந்தப் பூவில் தேன் கிடையாது. தேடிவரும் வண்டுக்கு மரம் கொடுப்பது மகரந்தத்தைத்தான், அதிலும் இரண்டு வகை உண்டு. படம் விரித்ததுபோல வளைந்த பகுதியில் இருப்பது விதை உண்டாக்கும் திறனற்ற, உணவுக்கான மகரந்தம். நடுவில் வளையமாக இருப்பதே கருவுறச் செய்யும் மகரந்தம். வண்டு மேலே உணவெடுத்துக்கொண்டிருக்கும்போது கீழே உள்ளது அதன் முதுகில் அப்பிக்கொள்ளும். இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டைத் திருவிழாக் கூட்டத்தில் நின்று பார்க்க வாய்ப்பதில்லை, தோட்டத்தில் வாய்க்கும். மரத்தின் நேர்கீழே மட்டும் உட்கார வேண்டாம், காய்கள் கனமானவை.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கிஜீலியா மரத்தில் நீண்ட காம்புகளில் சுரைக்காய் அளவிலான காய்கள் தொங்குவதைப் பார்க்கலாம்; அதுவும் வௌவாலை நம்பிப் பூக்கும் மரம். கண்ணாடி மாளிகைப் பக்கம் இருக்கும் அரவுகேரியா மரங்களில் ஒரு சோதனை செய்யலாம். பலகையில் ‘கொலும்னாரிஸ்’ என்றோ, பழைய பெயரான ‘குக்கியை’ என்றோ இருந்தால் சற்றுத் தள்ளி நின்று அந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த இந்த வகை உலகில் எங்கே வளர்ந்தாலும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறது என்று 2017ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அப்படியானால் பெங்களூருவில் அது தெற்கே சாய வேண்டும். கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறது, பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெயர்ப்பலகையில் இருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

அறிவியல் பெயரில் முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். அதற்குப் பின் வரும் சுருக்கெழுத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் வரலாறு முழுதும் அதில்தான் ஒளிந்திருக்கிறது. அது அந்தத் தாவரத்துக்குப் பெயர் வைத்தவரின் பெயர். ‘எல்.’ என்று மட்டும் இருந்தால் சுவீடன் நாட்டு லின்னேயஸ்.

அசோகத்தின் பெயரான ‘சராக்கா அசோகா’வுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ‘ராக்ஸ்ப்.’ என்றும் வெளியே ‘டி வில்டே’ என்றும் எழுதுவது முறை. உள்ளே இருப்பவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டவர், வெளியே இருப்பவர் அதை இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர் என்று பொருள். அந்த ‘ராக்ஸ்ப்.’ வில்லியம் ராக்ஸ்பர்க். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக மதராஸுக்கு வந்து, சென்னை மாகாணத்தின் சாமல்கோட்டையில் தோட்டம் அமைத்து, 1793ல் கல்கத்தா தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர். ‘வைட்’ என்ற பெயரைக் கண்டால் அவர் ராபர்ட் வைட். அவரும் மதராஸில் பணியாற்றியவர். அவருடைய நூல்களுக்கான தாவர ஓவியங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். பலகைகளில் வைட்டின் பெயர் நிலைத்துவிட்டது. ஓர் இலையின் நரம்பைக்கூட விடாமல் வரைந்த அந்த இருவரின் பெயரையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

பலகையில் தாயகமும் குறித்திருந்தால் அதைத் தவறாமல் படியுங்கள். தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்தும் குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. நம் தெருவுக்கே உரியவை என்று நாம் எண்ணும் நிழல்மரங்களில் எத்தனை கடல்கடந்து வந்தவை என்பது அப்போது விளங்கும்.

கண்ணாடி மாளிகைக்குள் எப்போதும் செடிகள் இருக்குமா?

கண்காட்சிக் காலத்தில்தான் அது நிறைந்திருக்கும். மற்ற நாட்களில் கட்டடத்தைப் பார்க்கலாம். லண்டனின் கிறிஸ்டல் பேலஸை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட இதற்கு 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார்.

தோட்டத்துக்குள் இருக்கும் பாறையில் ஏன் ஏற வேண்டும்?

கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழையது. 1916ல் ஸ்மீத் என்ற நிலவியலாளர் ‘தீபகற்ப நைஸ்’ என்று பெயரிட்ட பாறை வகை அது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. வெளிறியும் கறுத்தும் மாறிமாறி ஓடும் பட்டைகளைக் கிட்டே குனிந்து பாருங்கள். வெயில் ஏறிவிட்டால் கால் சுடும், ஆகவே காலையிலேயே ஏறிவிடுங்கள்.

இன்னொரு கல்லும் அங்கே உண்டு, அது நம் ஊரிலிருந்து போனது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடைத்த, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு பழமையான கல்மரத் துண்டு அது. மண்ணில் புதைந்த மரத்துக்குள் நீரில் கரைந்த சிலிக்கா மெல்ல மெல்லப் புகுந்து மரச்சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், உருவம் மரமாகவும் பொருள் கல்லாகவும் நிற்கிறது.

லால்பாக்கின் வரலாற்றில் சென்னைக்கு ஏதேனும் பங்கு உண்டா?

உண்டு. 1799ல் திப்பு வீழ்ந்த பிறகு தோட்டம் பல கைகள் மாறியது. 1850களின் நடுவில் மைசூர் நிர்வாகத்துக்குத் தாவரவியல் ஆலோசகராக இருந்து, அரசின் பொறுப்பில் அங்கே ஒரு தோட்டம் அமைய வழிசெய்தவர் ஹக் கிளெகார்ன். 1820ல் மதராஸில் பிறந்த இவர் பின்னாளில் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். 1835ல் தொடங்கிய மதராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். 1856ல் லால்பாக் அரசுத் தாவரவியல் தோட்டமானது. பெங்களூருவின் தோட்டக்கலையோடு நெடுங்காலத் தொடர்புள்ளவர்கள் திகளர் சமூகத்தினர். அந்நகரின் கரக விழாவை நடத்துபவர்களும் அவர்களே. பூச்செடி வளர்ப்பிலும் காய்கறி வளர்ப்பிலும் அவர்களுக்கு இருந்த கைத்திறனைச் சொல்லாமல் அந்த நகரத்தின் பசுமையைப் பற்றி எழுதுவது முழுமையாகாது.

1908 முதல் 1932 வரை பொறுப்பிலிருந்த ஜெர்மானியர் குரும்பீகல், ஆண்டின் எந்த மாதத்திலும் நகரின் ஏதோ ஒரு தெருவில் மரம் பூத்திருக்க வேண்டும் என்று திட்டமிட்டு நட்டவர். நம் மாநகராட்சி வார்டுகளிலும் இப்படி யோசித்து நட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் ஏங்குகிறேன்.

நடக்க முடியாதவர்களை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம். பேட்டரி வண்டிகள் இருக்கின்றன, முக்கியப் பாதைகள் சமமானவை. பாறைப்பகுதியை மட்டும் அவர்கள் விட்டுவிட வேண்டியிருக்கும். நுழைவுக் கட்டண விவரங்களை வாயில் பலகையில் பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்து, தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள்.

இலை, பூ, விதை எடுத்துவரலாமா?

மரத்திலிருந்து எதையும் பறிக்கக் கூடாது. கீழே விழுந்ததைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவது நல்லது. பள்ளிப் பிள்ளைகளோடு போகும் ஆசிரியர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து ஒரு மரத்தையாவது வரையச் சொல்லுங்கள். ஓர் இலையை வரைய முயன்ற பிள்ளைதான் அது எதிரெதிராக வந்ததா, மாறிமாறி வந்ததா என்று முதன்முதலாகக் கவனிக்கும்.

அங்கே செடி வாங்கிவந்தால் நம் வீட்டில் பிழைக்குமா?

எல்லாம் பிழைக்காது. ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா போன்ற குளிர்விரும்பிகள் அங்கே பளிச்சென்று இருக்கும். பெரம்பூர் மொட்டைமாடியின் மே மாத வெயிலை அவற்றால் தாங்க முடியாது. நமக்கு வெயிலோடு இன்னொரு தொல்லையும் உண்டு. கடலோரப் பகுதியில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்திருப்பதால், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் பல போர்வெல்களில் உப்பு. அந்த நீரைத் தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி முதலில் பழுப்பாகிப் பிறகு ஓரம் முழுதும் கருகும்; நோய் என்று எண்ணி மருந்தடிப்பதில் பயனில்லை. மெட்ரோ வாட்டரோ சேமித்த மழைநீரோ ஊற்றுங்கள், மாதம் ஒருமுறை தொட்டியில் நீர் வழிந்தோடும்படி விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள். மணலிப் பக்கத்தில் இலைமேல் கரித்தூசி படிந்தால் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி, இட்லிப்பூ, போகன்வில்லா ஆகியவை இந்தச் சூழலைத் தாங்கும். ஆனால் அவற்றை மாதவரத்து நர்சரிகளிலேயே வாங்கலாமே. பெங்களூருவிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிய பிறகே வெயிலுக்கு மாற்றுங்கள்.

லால்பாக்கில் பார்க்க முடியாத, நம் பகுதியில் மட்டும் பார்க்கக்கூடிய தாவரம் ஏதேனும் உண்டா?

எவ்வளவு பெரிய தோட்டமானாலும் கடலை உள்ளே கொண்டுவர முடியாது. அலையாத்தி மரம் வளர உப்புநீரும் சேறும் வேண்டும், நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதமும் வேண்டும். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் இன்றும் அவை நிற்கின்றன. காற்றே புகாத சேற்றில் வேர் மூச்சுவிட முடியாது என்பதால், சுற்றிலும் பென்சில் பருமனில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வேர் வழியாக உள்ளே வந்த உப்பின் ஒரு பகுதியை இலைகள் வெளியேற்றிவிடும். வெயில் நேரத்தில் இலையை விரலால் தடவினால் படிகங்கள் நெருடும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மரங்களின் அடிப்பகுதியெல்லாம் கறுத்துப்போனதை நாம் பார்த்திருக்கிறோம்.

கோயில் மரங்களில் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் மகிழ மரத்தைச் சொல்ல வேண்டும். சங்கிலி நாச்சியாரைப் பிரியேன் என்று சுந்தரர் சூளுரைத்தது அதன் அடியில்தான் என்பது தலவரலாறு. மகிழம்பூ சிறியது, நட்சத்திரம் போன்றது, காய்ந்த பிறகும் மணம் போகாது. விடியற்காலையில் போனால் உதிர்ந்த பூக்களைப் பார்க்கலாம்.

அலையாத்தியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓதம் வடிந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும், இல்லையென்றால் மூச்சுவேர்கள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போவதால் முந்தின நாளே எண்ணூர் மீனவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். சேற்றுக்குள் இறங்காமல் கரையிலிருந்தோ, அவர்கள் படகில் ஏறியோ பாருங்கள்.